மாடத்தி தின்னாத மருந்து

அக்கா என்று கூப்பிட்டபோதே மாடத்திக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

வெம்பக்கோட்டைப் பக்கத்து அந்த ஊரில், நிலக்காரர் சுந்தரபாண்டி வீட்டுப் பிள்ளைகள் யாரும் அவளை அக்கா என்று அழைத்ததில்லை. பால் பல் விழாத வயதிலேயே "ஏ மாடத்தி" என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. இத்தனை வருடத்தில் அந்த வழக்கம் மாறி அவள் பார்த்ததில்லை. இன்றைக்குச் சுந்தரபாண்டியின் தம்பி மகள் அருணாதேவி, சென்னையில் ஏதோ தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறவள், கைப்பையோடு வாசலில் வந்து நின்று, "மாடத்தியக்கா இருக்கீகளா?" என்கிறாள். சும்மா வருவாளா?

"இருக்கேன். என்ன விசயம் பாப்பா?" என்றாள் மாடத்தி. உள்ளே வா என்று சொல்லவில்லை.

ஊரில் அவளுக்குச் சந்தேகக்காரி என்றே பெயர். பஸ்ஸில் டிக்கெட்டை வாங்கினால் ஊர்ப் பெயரைக் கூட்டி வாசித்துவிட்டுத்தான் மடிப்பாள். ரேஷன் கடைத் தராசில் எண் ஆடாமல் நின்ற பிறகுதான் பையைத் தூக்குவாள். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூடப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அவள் பட்டது அவளுக்குத்தான் தெரியும். பதினாறு வருடத்துக்கு முன்னால், இப்போது பூட்டிக் கிடக்கிற ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவள் புருசன் ஊர்க்காவலனுக்கு வலது கை வெந்துபோனது. ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி ஆள் ஒருவன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான், பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னான், வைத்தியச் செலவுக்கு என்று ஒரு காகிதத்தை நீட்டினான். புருசனுடைய இடது பெருவிரலை மையில் தொட்டு அதில் பதித்துக் கொடுத்தவளே மாடத்திதான். வீட்டு அடுப்பில் பட்ட தீக்காயம் என்று அதில் எழுதியிருந்ததாம், நஷ்டஈடும் அதோடு போயிற்று. ஐந்தாம் வகுப்பு படித்தவள், எழுத்துக் கூட்டினால் வாசித்திருப்பாள். வாசிக்கவில்லை. அந்த ஆள் மேல் வந்த கோபம் ஒரு பங்கு, தன் மேலேயே வந்த கோபம் இரண்டு பங்கு. ஊர்க்காவலன் அதன்பிறகு கனமான வேலை பார்க்க முடியாமல் ஆடு மேய்க்கிறார். வீடு மாடத்தியின் கையில்தான் ஓடுகிறது.

அந்தக் கையைத் தேடித்தான் அருணாதேவி வந்திருந்தாள்.

"இன்டர்நெட்டை யாரு, எந்த விதிப்படி நடத்துறதுன்னு பேச வருசா வருசம் உலக நாடுக எல்லாம் சேர்ந்து ஒரு மாநாடு போடுறாங்கக்கா. அரசாங்கம், கம்பெனிக்காரங்க, எங்கள மாதிரி ஆளுங்க எல்லாரும் வருவாங்க. அதுல ஒர்க்‌ஷாப் நடத்த யாரு வேணும்னாலும் எழுதிக் கேட்கலாம்."

"ஒர்க்‌ஷாப்பா? லாரிக்கு இஞ்சின் மாட்டுறதா?"

"இல்லக்கா. ஒரு மணி நேரம் உக்காந்து பேசுறது. நூத்துக்கணக்குல எழுதிப் போடுவாங்க, கொஞ்சத்தைத்தான் எடுப்பாங்க."

"பேசுறதுக்கு எதுக்கு ஒர்க்‌ஷாப்புன்னு பேரு?"

அருணாதேவி சிரித்து மழுப்பினாள். பதில் இல்லாத இடத்தை மாடத்தி மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். இப்போது எல்லாவற்றுக்கும் விரலை வை, விரலை வை என்கிறார்கள். விரலில் ரேகையே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? இதைப் பற்றித்தான் அருணாதேவியின் நிறுவனம் எழுதிக் கேட்கிறது. கென்யாவில் தேயிலை பறிக்கிற ஒரு பெண் பேச ஒப்புக்கொண்டுவிட்டாளாம். இந்தியாவிலிருந்து மாடத்தி வீடியோவில் பேச வேண்டும்.

மாடத்திக்குச் சுருக்கென்றது. ரேஷன் கடையில் விரல் வைக்கிற மிஷின் அவளை எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருக்கிறது! பெருவிரல், ஆள்காட்டி விரல், மோதிர விரல் என்று பத்தையும் வைத்துப் பார்த்தாயிற்று. எண்ணெய் தடவினாள், எலுமிச்சம்பழம் தேய்த்தாள். போனுக்கு நம்பர் வரும் என்பார்கள், அந்தப் போன் சிவகாசியில் வேலை பார்க்கிற மகளிடம் இருக்கும். ஒரு தடவை வரிசையில் அத்தனை பேர் நிற்க, "கையை நல்லாக் களுவிட்டு வாம்மா" என்று ஒருவன் சொன்னான். என்னமோ அவள் அழுக்கோடு வந்தது மாதிரி. அன்றைக்கு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சூலக்கரையில் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுவும் கொடுத்து, ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

அதனால் வாயைத் திறந்தாள். அருணாதேவி நீட்டிய போனைப் பார்த்துச் சொன்னாள்: "இருபத்திநாலு வருசமா மருந்துல கெடக்கு இந்தக் கை. பூச்சட்டிக்கு மருந்து ஏத்தி ஏத்தி ரேகை தேஞ்சுபோச்சு. உறை ஒண்ணும் குடுத்ததில்ல, வெறுங்கைதான். இன்னைக்கு ஒரு பெட்டி என்னைய ஆளுன்னே ஒத்துக்கிட மாட்டேங்குது."

பூச்சட்டி என்றால் புஸ்வாணம். இந்தப் பக்கத்தில் மருந்து என்றால் பட்டாசுக்குள் போகிற மருந்துதான். காய்ச்சலுக்குத் தின்பது மாத்திரை, ஆஸ்பத்திரியில் போடுவது ஊசி. பிறந்த குழந்தைக்குக்கூட இங்கே அது தெரியும்.

சொல்லி முடித்த பிறகுதான் வேலை ஞாபகம் வந்தது. அவள் வேலை பார்க்கிற கம்பெனி இருப்பது சுந்தரபாண்டியின் பன்னிரண்டு ஏக்கரில். குத்தகைக்கு விட்டது அவர்தான், அந்தக் கம்பெனியில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. வெறுங்கையால் மருந்து அள்ளினேன் என்று அவள் பேரோடு உலகத்துக்குப் போனால் மறுநாளே சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

"எளுதினதை எனக்குக் காட்டணும் பாப்பா," என்றாள். "நான் வாசிச்சுக் கேட்டப்புறம்தான் சரிம்பேன். அதுவரைக்கும் என் பேரைத் தொடக் கூடாது."

"கண்டிப்பாக்கா. சனிக்கெழமை சாயங்காலம் அஞ்சரைக்குள்ள அனுப்பணும்."

வியாழக்கிழமை மகள் வேல்விழியின் போனுக்கு அது வந்தது. வேல்விழி சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற கம்பெனியில் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறாள், இங்கிலீஷ் தெரியும். வேலை முடிந்து வந்ததும் வராததுமாக மாடத்தி அவளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"ஒவ்வொரு வார்த்தையாத் தமிழ்ல சொல்லு. விட்டுட்டுப் போகாத."

"சரிம்மா. 'மாடத்தி, வயசு நாப்பத்தாறு, விருதுநகர் மாவட்டம். பல வருசமா மருந்து சாப்பிட்டு வந்ததால விரல் ரேகையை இழந்தவர்...'"

"நிறுத்து. சாப்பிட்டா?"

"மெடிசின்னு போட்டிருக்கும்மா. தின்கிற மருந்து."

"நான் எப்பட்டி மருந்து தின்னேன்? எனக்கு என்ன சீக்கு?"

"தப்பா மொழிபெயர்த்திருப்பாங்க..."

"யாரு? அந்தப் பிள்ளை எங்கன பொறந்துச்சு, லண்டன்லயா? இந்த ஊருல பொறந்து வளந்ததுக்கு மருந்துன்னா என்னன்னு தெரியாதோ? சரி, பட்டாசுன்னு எங்கனயாவது இருக்கா, பாரு."

வேல்விழி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "இல்ல."

"கம்பெனி? வெறுங்கை?"

"ரெண்டுமே இல்லம்மா."

"ஒண்ணு மாறினாத் தப்பும்பேன். மூணும் மாறினா அது பாத்துப் பாத்துச் செஞ்ச வேலைட்டி," என்றாள் மாடத்தி. பன்னிரண்டு ஏக்கர் குத்தகைக்காக அவளை நோயாளி ஆக்கிவிட்டார்கள். இனி அந்த மாநாட்டில் இருக்கிறவர்கள் எல்லாம் பாவம், சீக்காளிப் பொம்பளை என்று உச்சுக்கொட்டுவார்கள். அக்கா என்று கூப்பிட்டபோதே நினைத்தாள்!

வேண்டாம் என்று சொல்லி விலகிவிடலாம் என்றார் ஊர்க்காவலன், சோற்றைப் பிசைந்தபடியே. வேலைக்கும் ஆபத்தில்லை, வம்பும் இல்லை. மாடத்தி இரவெல்லாம் புரண்டு பார்த்தாள். விலகினால் அந்தத் தின்கிற மருந்து அப்படியே வேறு யார் பேரிலாவது போகும். அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் வேல்விழியிடம், வெடிக்கிற மருந்துக்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டாள். எக்ஸ்புளோசிவ் என்று மகள் ஒரு அட்டைத் துண்டில் எழுதிக்கொடுத்தாள். மாடத்திக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் பேக்கிங் பக்கம் ஆள் குறைந்தால் அவளைத்தான் அங்கே போடுவார்கள். பெட்டி லேபிளில் இருக்கிற இங்கிலீஷ் பேரையும் உள்ளே போகிற வெடியின் பேரையும் எழுத்தின் சாயலை வைத்தே பொருத்திவிடுவாள், ஒரு லோடுகூட மாறிப் போனதில்லை. அதே மாதிரி இதையும் மனசில் ஏற்றினாள். மொத்தம் ஒன்பது எழுத்து. முதலும் கடைசியும் ஒன்றே. இரண்டாவது, கணக்கில் போடுகிற பெருக்கல் குறி.

சனிக்கிழமை, ஆர்டர் குவிந்து கிடந்த சீசனில், வேலைக்கு லீவு சொல்லிவிட்டுச் சுந்தரபாண்டி வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டுக்கு அவள் புதுசு இல்லை. கடலை பிடுங்கி மூட்டையைப் பின்வாசலில் எத்தனையோ தடவை இறக்கியிருக்கிறாள். முன்வாசல் வழியாக ஹாலுக்குள் வந்தது அன்றைக்குத்தான். அருணாதேவி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். மாடத்தி ஒரு நொடி நின்றாள். பிறகு நுனியில் இல்லாமல் நன்றாகவே உட்கார்ந்தாள்.

"நான் எப்ப பாப்பா மருந்து தின்னேன்?"

அருணாதேவியின் முகம் செத்துவிட்டது. சென்னையில் யாரோ எழுதினார்கள் என்று ஆரம்பித்தாள். மாடத்தி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேச்சு பாதியில் நின்றுவிட்டது.

"நான்தான்கா மாத்துனேன்," என்றாள் கடைசியில். "உங்க வேலை போயிரக் கூடாதுன்னு."

"என் வேலைக்கா, ஒங்க பெரியப்பா குத்தகைக்கா?"

அருணாதேவி சொன்னாள்: "ரெண்டுக்கும்தான்."

அந்தப் பதிலை மாடத்தி எதிர்பார்க்கவில்லை. இல்லவே இல்லை என்று சாதிப்பாள், தானும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு எழுந்து போகலாம் என்றுதான் வந்திருந்தாள். இப்போது எழுந்திருக்கவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை. இதுவும் ஒரு நடிப்பாக இருந்தால்?

"என் வேலையை நான் பாத்துக்கிடுதேன். நான் சொன்னதை நான் சொன்ன மாதிரி எளுதுங்க. இப்பவே, என் கண்ணு முன்னால."

அருணாதேவி லேப்டாப்பைத் திறந்தாள். மாடத்தி அட்டைத் துண்டை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். தட்டத் தட்டத் திரையில் எழுத்து ஓடியது. ஒன்பது எழுத்து, நடுவில் விட்டுப்போகவில்லை, பெருக்கல் குறி சரியான இடத்தில் இருந்தது. பிறகு மீதி எல்லாக் கட்டத்தையும் வாசித்துச் சொல்லச் சொன்னாள். யார் யார் பேசுகிறார்கள், எந்த எந்த நாடு, இதனால் என்ன மாறும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.

"என்னதான் மாறும்?"

"விரல் பதியலைன்னாலும் ஆளை ஆளா ஏத்துக்கிடணும்னு, விதி எழுதுறவங்க காதுல விழும்."

"விளுந்தா?"

"விழுந்தா அவங்க எழுதுறாங்களான்னு அடுத்த வருசம் போய்க் கேட்கலாம்."

இது கொஞ்சம் நியாயமான பேச்சாக இருந்தது. ஆனால் கடைசிக்கு முந்தின கட்டத்தை அருணாதேவி வேகமாகத் தள்ளிவிட்டாள். மாடத்தி பார்த்துவிட்டாள்.

"அது என்ன, தாண்டிட்டீகளே?"

"அதுவா... இந்த விஷயத்துல உங்களுக்கோ உங்க குடும்பத்துக்கோ ஏதும் ஆதாயம் உண்டான்னு கேக்குது."

"நீங்க என்ன போட்டிருக்கீக?"

"இல்லன்னு."

மாடத்தி சிரித்தேவிட்டாள். "நல்லா இருக்கு பாப்பா. சரி, அனுப்பினப்புறம் மாத்த முடியுமா?"

"அஞ்சரை வரைக்கும் எப்ப வேணும்னாலும் திருத்தலாம். அதுக்கப்புறம் பூட்டிரும்."

"அப்ப நான் அஞ்சரை வரைக்கும் இங்கனதான் இருப்பேன். வேலை முடிஞ்சு வேல்விழி என்னையக் கூட்டிப்போக வருவா."

அருணாதேவி அனுப்பினாள், மாடத்தி அப்படியே இருந்தாள். மத்தியானம் போனது, மூன்று மணி ஆனது. நாலரைக்குச் சுந்தரபாண்டி காட்டிலிருந்து வந்தார். அறுபது தாண்டியும் வேட்டி கலையாமல் நடக்கிற மனிதர். ஹாலில் நாற்காலியில் மாடத்தியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன மாடத்தி, இங்கன உக்காந்திருக்க? வேலைக்குப் போகலையா?"

"லீவு மொதலாளி."

அவர் தம்பி மகளைப் பார்த்தார். அருணாதேவி மறைக்காமல் சொல்லிவிட்டாள். கம்பெனி மருந்தில் ரேகை போனதைப் பற்றி எழுதி ஒரு மாநாட்டுக்கு அனுப்பியிருக்கிறோம், மாடத்தியக்கா பேசப் போகிறார்கள் என்றாள். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட மாடத்திக்குத் தேவலை என்றிருந்திருக்கும். ஒரு நாற்காலியை இழுத்துப் பத்தடி தள்ளி உட்கார்ந்தார்.

"தை மாசம் குத்தகை புதுப்பிக்கணும். அது தெரியும்ல ஒனக்கு? மாத்த முடியுமாத்தா அதை?"

"அஞ்சரை வரைக்கும் முடியும் பெரியப்பா."

"அப்ப மாத்து. மாடத்தி, ஒன் நல்லதுக்கும்தான் சொல்லுதேன். நான் ஒரு போன் போட்டா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியாததில்ல."

அருணாதேவி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். தட்ட ஆரம்பித்தாள். மாடத்தி எட்டிப் பார்த்தாள். திரை கீழே கீழே ஓடியது, அந்த ஒன்பது எழுத்து எங்கே போனது என்று தெரியவில்லை. அட்டைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தேடினாள். எல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. மிஷினைப் பிடுங்கலாம். பிடுங்கி எதைத் தட்டுவாள்? அருணாதேவி நிறுத்தி யோசித்தாள், மறுபடி தட்டினாள், நாலைந்து நிமிடம் தட்டினாள்.

"மாத்திட்டேன் பெரியப்பா," என்றாள்.

சுந்தரபாண்டி தலையை ஆட்டிவிட்டுப் பேப்பரை விரித்தார்.

மாடத்தி அட்டைத் துண்டைக் கசக்கினாள். "இதுக்குத்தான் அக்கா அக்கான்னீகளா?" என்றாள். "காலையில ரெண்டுக்கும்தான்னு சொன்னப்போ ஒரு நிமிசம் மனசு எளகிட்டேன் பாருங்க, என்னையச் செருப்பால அடிக்கணும். ஆரஞ்சுப் பளம் கொண்டாந்தவனுக்கும் ஒங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

அருணாதேவி நிமிரவில்லை. "வேல்விழி வர்ற வரைக்கும் இருங்கக்கா," என்று மட்டும் சொன்னாள்.

ஐந்தரை ஆனது. திரையில் இருந்ததெல்லாம் மறைந்து ஒரு வரி மட்டும் வந்தது. பூட்டிவிட்டது என்றாள் அருணாதேவி. எழுந்து போயிருப்பாள் மாடத்தி. போனால் உண்மை தெரியாமலே போய்விடும் என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

ஆறு மணிக்கு வேல்விழியின் ஸ்கூட்டி வாசலில் வந்து நின்றது. செருப்பை வெளியே விட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். அருணாதேவி, அனுப்பியதன் நகலைத் திறந்து அவள் கையில் கொடுத்தாள். "சத்தமாவே வாசி," என்றாள்.

"'மாடத்தி, நாப்பத்தாறு வயசு, பட்டாசுத் தொழிலாளி. இருபத்திநாலு வருசமா உறை இல்லாம வெறுங்கையால வெடிமருந்தைக் கையாண்டு விரல் ரேகையை இழந்தவர்...' யம்மா, இருக்கும்மா. எக்ஸ்புளோசிவ்னே இருக்கு."

சுந்தரபாண்டியின் கையில் பேப்பர் அசையாமல் நின்றது.

"மேல வாசி," என்றாள் மாடத்தி.

வேல்விழி ஒவ்வொரு கட்டமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். கடைசிக்கு முந்தின கட்டத்தில் நிறுத்தினாள். அருணாதேவியைப் பார்த்தாள், பெரியவரைப் பார்த்தாள்.

"என்னட்டி, சொல்லு."

"ஆதாயம் உண்டான்னு கேட்டிருக்கு. அதுக்கு எளுதியிருக்காங்க... 'உண்டு. மாடத்தி வேலை செய்யும் தொழிற்சாலை என் குடும்பத்து நிலத்தில் நடக்கிறது. அந்தக் குத்தகையில்தான் நான் படித்தேன். மாடத்தி சொன்னதை முதலில் நான் மாற்றி எழுதினேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து திருத்த வைத்தார்.' கீழ அவங்க பேரு, அப்பா பேரு, ஊரு பேரு எல்லாம் போட்டிருக்கு."

சுந்தரபாண்டி பேப்பரை மடித்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, லேப்டாப்பை வாங்கித் தானே ஒரு தடவை வாசித்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும். திருப்பிக் கொடுத்தார். தம்பி மகளின் முகத்தைப் பார்க்காமலே உள் அறைக்குப் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் போனில் அவர் மெதுவாகப் பேசுவதும் கேட்டது.

"கம்பெனிக்குத்தான் போடுறாரு," என்றாள் வேல்விழி.

"போடட்டும். அது தெரிஞ்சுதான வந்தேன்," என்றாள் மாடத்தி. "நீ அந்தக் கட்டத்தை இன்னொரு மட்டம் வாசி. நெசமாவே அப்படித்தான் இருக்கா?"

வேல்விழி வாசித்தாள். மாடத்தி மூன்றாவது தடவையும் வாசிக்கச் சொன்னாள். பிறகு அருணாதேவியின் பக்கம் திரும்பினாள். அந்தப் பெண் மூடின கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கன்னாபின்னான்னு பேசிட்டேன்," என்றாள் மாடத்தி. "அது கெடக்கட்டும். இன்னைக்கு ராத்திரி எங்கன படுப்பீக?"

அருணாதேவிக்கும் அது தெரியவில்லை என்பது முகத்திலேயே இருந்தது.

மாடத்தி எழுந்தாள். "பையை எடுத்துக்கிட்டு வாத்தா, நம்ம வீட்டுக்குப் போவோம்."